மேலே வைத்த புள்ளி

மாணவர்கள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ‘அவர்’. “அவர் வர்றாரு, நோட்டை எடு” என்று நடைவழியில் கிசுகிசுப்பார்கள். நானும் காது மந்தமானவன்போல வகுப்புக்குள் நுழைவேன். இறையியல் கல்லூரியில் ஒருவனை ‘அவர்’ என்று கூப்பிட்டால் வெளியாட்கள் ஆண்டவரைச் சொல்வதாக நினைத்துக்கொள்வார்கள். விஷயம் அதுவல்ல. அது ஒரு சுரியானிச் சொல்லால் வந்த பெயர்.

சுரியானி என்பது ஆதித் திருச்சபையில் ஒரு பகுதியினர் ஜெபித்த, எழுதிய பழைய மொழி. அதில் தகரத்துக்கும் ரகரத்துக்கும் வடிவம் ஒன்றுதான். சின்னதாக ஒரு கொக்கி. கொக்கிக்கு மேலே புள்ளி வைத்தால் ர, கீழே வைத்தால் த. ‘கடந்தார்’ என்பதற்கான சொல் நம் வாயில் ஏறக்குறைய ‘அவர்’ என்றே வரும். புள்ளி கீழே இறங்கிவிட்டால் அது ‘அவத்’. அதற்குச் ‘செய்தார்’ என்று பொருள். என் வேலை, பதவி உயர்வு, மாடியில் ஜன்னல் வைத்த அறை எல்லாமே அந்தப் புள்ளி மேலே இருந்ததால் கிடைத்தவை.

புள்ளி இருந்த இடம், ஒரு மலைமடத்து நூலகத்தில் கிடந்த தோல் ஏடு. இறந்துபோன குழந்தைக்காகப் பெயர் தெரியாத துறவி ஒருவர் எழுதிய ஜெபம். அந்தக் காலத்தில் அப்படி ஜெபம் எழுதியவர்கள் எல்லாரும், ‘இந்தச் சிறியவனின் சாவை ஆண்டவர் செய்தார், அவர் சித்தம் நீதியானது’ என்ற ரீதியில்தான் எழுதினார்கள். இந்த ஒரு துறவி மட்டும் மாற்றி எழுதியிருந்தார். ‘இந்தச் சிறியவனின் சாவை ஆண்டவர் கடந்தார்.’ அதாவது சாவை அனுப்பியவர் அவரல்ல, குழந்தையோடு சேர்ந்து அதற்குள் நடந்து போனவர். அதைக் கண்டுபிடித்தவன் நான். முப்பத்தொரு வயதில் அதற்காக முனைவர் பட்டம் வாங்கினேன். “ஊரே ஒன்று சொல்லும்போது இந்த மனுஷன் மட்டும் எப்படிய்யா இப்படிச் சொன்னார்?” என்று கேட்டவர்களுக்குப் பதினொரு பக்க அடிக்குறிப்பில் பதில் எழுதினேன். இப்போது யோசித்தால், அவ்வளவு நீளமான அடிக்குறிப்பு எழுதியபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஏட்டை நான் கண்ணால் பார்த்ததில்லை. பார்த்தது அதன் கறுப்பு வெள்ளைப் படச்சுருளை. “நேரில் போய்ப் பார்த்துட்டு வா, படத்தை நம்பாதே” என்றார் என் நெறியாளர். கல்லூரி அனுமதியும் கொடுத்தது. நான் போகவில்லை. அந்த மாதம் என் மனைவி நிறைமாதக் கர்ப்பிணி.

ஆய்வேட்டைத் தட்டச்சு செய்தவளும் அவள்தான். தட்டச்சு இயந்திரத்தில் சுரியானி ஏது? இடம் விட்டுத் தட்டுவாள், நான் எழுத்துகளைக் கையால் வரைவேன், புள்ளிகளை அவள் வைப்பாள். நான் வைத்தால் மை பரவிவிடும். அவள் கை நடுங்காது. வயிறு இடிக்காமல் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு, முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களுக்குப் புள்ளி வைத்தாள். ஒரு பக்கம் முடிந்ததும் வயிற்றைத் தட்டி, “உங்கப்பா சொல்ற இடத்துல எல்லாம் வெச்சாச்சுடா, போதுமா?” என்பாள். மொழி தெரியாமலேயே எந்தக் கொக்கிக்கு எங்கே புள்ளி என்பது அவளுக்கு அத்துபடியாகிவிட்டது. ஆய்வேட்டைச் சமர்ப்பித்த ஒன்பதாம் நாள் பையன் பிறந்தான்.

அவனை நாங்கள் கூப்பிட்டது ‘வாலு’ என்று. பெயருக்குக் குறை வைக்காதவன். என் சுரியானி அகராதியை நாற்காலியில் போட்டு, அதன்மேல் ஏறி, அலமாரியிலிருந்த பிஸ்கட் டப்பாவை எடுப்பான். அந்த அகராதியின் அட்டையில் அவன் குதிகால் பட்ட பள்ளம் இன்னும் இருக்கிறது. ஆறு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. நான்கு நாள்தான். ஐந்தாம் நாள் காலையில் மருத்துவமனை நடைவழியில் நாங்கள் இரண்டே பேராக நின்றோம்.

அதற்குப் பிறகு என் மனைவி சாப்பிடவில்லை, குளிக்கவில்லை. சுவரைப் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். “ஏன் செஞ்சாரு? எதுக்குச் செஞ்சாரு?” ஆறுதல் சொல்ல வந்த குருமார்கள் பாதியில் எழுந்து போனார்கள். மூன்றாம் வாரம் நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். “அவர் செய்யலைம்மா. நீயே புள்ளி வெச்சியே, ஞாபகம் இருக்கா? செய்தார்னு இல்ல, கடந்தார்னுதான் இருந்துச்சு. வாலு தனியாப் போகலை. அவர் கூடப் போனாரு” என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “நிஜமாவா?” என்றாள். “ஏட்டுல இருக்கு” என்றேன். அன்று அரைத் தம்ளர் பால் குடித்தாள்.

கல்லறைக் கல்லில் அவன் பெயரும் தேதியும், கீழே அந்த ஒற்றைச் சுரியானிச் சொல்லும். கல்வெட்டுபவருக்குப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டியவள் அவள். எங்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. இருபத்து மூன்று வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்து போய் அந்தக் கல்லைத் துடைத்துவிட்டு வருவாள். அழமாட்டாள். அவள் உயிரோடு இருப்பதற்கு அந்தப் புள்ளிதான் காரணம் என்று எனக்குத் தெரியும்.

நானும் அதை வைத்தே பிழைத்தேன். விரிவுரையாளர், பேராசிரியர், துறைத்தலைவர். குழந்தை இறந்த வீடுகளில் போதகர்கள் என் வரியைச் சொன்னார்கள். எத்தனையோ சின்னப் பெட்டிகளுக்கு முன்னால் அது சொல்லப்பட்டது. சில தாய்மார்கள் கடிதம் போட்டார்கள். அவற்றை ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். இத்தனைக்கும் துறை தேய்ந்துகொண்டே வந்தது. கல்லூரிக்கு இப்போது தலைமைப் பண்புப் பட்டயம்தான் வேண்டும். சுரியானி யாருக்கு வேண்டும்? எங்கள் பேராசிரியர் கூட்டங்களில் கடவுளைவிட அறை ஒதுக்கீட்டைப் பற்றித்தான் அதிகம் பேசுவோம். என் ஓய்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது என்னிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு ஆய்வு மாணவி.

அவளை எல்லாரும் நர்ஸம்மா என்பார்கள். பதினாறு வருஷம் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்து, வேலையை விட்டுவிட்டுப் படிக்க வந்தவள். நேர்முகத்தில், “ஏன்ம்மா சுரியானி?” என்று கேட்டபோது, “எங்க வார்டுல ஒரு பிள்ளை போறப்பல்லாம் உங்க வரியைத்தான் சார் அம்மாக்கள்கிட்ட சொல்லுவேன். அது எங்கிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கணும்” என்றாள். எனக்கு அன்று தலைகால் புரியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மடிக்கணினியோடு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அந்த மடத்து ஏடுகளைப் புதிதாக வண்ணப்படம் எடுத்து எல்லாரும் பார்க்கும்படி போட்டிருக்கிறார்களாம்.

“சார், கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாருங்க. நான்தான் தப்பாப் படிக்கிறேனான்னு சொல்லுங்க.”

பார்த்தேன். என் சொல்தான். முப்பது வருஷமாகக் கனவிலும் தெரிந்த கொக்கி. அதன் மேலே இருந்தது புள்ளியல்ல, பூச்சி அரித்த ஓட்டை. ஓட்டையின் வழியாக அடுத்த பக்கத்தில் இருந்த எழுத்தின் கால் தெரிந்தது. படச்சுருளில் அது கறுப்பாக, உருண்டையாக, மைபோலவே விழுந்திருக்கிறது. கொக்கிக்குக் கீழே தோலில் ஒரு மடிப்பு. படச்சுருளில் அந்த இடம் வெறும் நிழல். இப்போது மடிப்பை நீவிவிட்டு எடுத்திருந்தார்கள். நிழல் இருந்த இடத்தில், பழுப்பு மையில், துறவி தன் கையால் வைத்த புள்ளி உட்கார்ந்திருந்தது.

செய்தார்.

“பின்னால யாராவது சேர்த்திருக்கலாம்” என்றேன். “மை ஒண்ணுதான் சார்” என்றாள். “நகல் எடுத்தவர் தவறா…” என்று ஆரம்பித்து மென்று விழுங்கினேன். என் வகுப்பில் ஒரு மாணவன் இப்படிச் சமாளித்திருந்தால் வெளியே அனுப்பியிருப்பேன்.

அவள் அழ ஆரம்பித்தாள். “நான் வேற தலைப்பு எடுத்துக்கறேன் சார். இந்தப் பக்கத்தை யாரும் நோண்டிப் பாக்க மாட்டாங்க. நம்மள விட்டா இதை யாரு படிக்கப் போறா?”

அது உண்மை. உலகத்தில் இந்த ஏட்டைப் படிக்கக்கூடியவர்கள் ஐம்பது பேர் இருப்பார்கள், அவர்களில் நாற்பத்தைந்து பேருக்கு வேறு வேலை இருக்கிறது. “ஒரு வாரம் டைம் குடும்மா” என்றேன்.

முதல்வரிடம் போனேன். அவர் என் பழைய மாணவர். என்னிடம் சுரியானியில் மூன்று முறை தோற்றவர், நிர்வாகத்தில் ஒருமுறையும் தோற்காதவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். “சார், உங்க பிரிவுபசார மலர் அச்சுல இருக்கு. தலைப்பே ‘கடந்தவர்’. பதினெட்டு பேர் கட்டுரை குடுத்திருக்காங்க. இன்னும் மூணு மாசம்தானே? நீங்க நல்லபடியா ரிட்டையர் ஆயிடுங்க. அப்புறமா அந்தம்மா மெதுவா எழுதிக்கட்டும். நான் ஒண்ணும் மறைக்கச் சொல்லலை. கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்றேன்.” நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். மலர் போனால் போகட்டும், அது என்னை உறுத்தவில்லை. வீட்டில் ஒருத்தி இருந்தாள். அவளிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. சொல்லக்கூடாது என்று முடிவு செய்தேன். நர்ஸம்மாவுக்கு ஞானஸ்நானப் பாடல்களில் நல்ல தலைப்பு ஒன்றையும் யோசித்து வைத்தேன்.

சனிக்கிழமை காலை. மலரின் அச்சுப்படிகள் சாப்பாட்டு மேசையில் பரப்பிக் கிடந்தன. என் எழுத்தோ என்னைப் பற்றிய எழுத்தோ என் மனைவி பார்க்காமல் அச்சுக்குப் போனதில்லை. சுரியானிப் புள்ளிகளை இன்றைக்கும் அவள்தான் சரிபார்ப்பாள். ஒரு கையில் பூதக்கண்ணாடி, இன்னொரு கையில் சிவப்புப் பேனா. நான் எதிரே உட்கார்ந்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்.

“ஏங்க, இங்க பாருங்க அநியாயத்தை!”

“என்னம்மா?”

“அச்சுக்காரன் புள்ளியைக் கீழ போட்டுட்டான். முதல் பக்கத்துலயே! தலைப்புக்கு அடியிலயே!” அவளுக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தது. “ஒரு புள்ளி இறங்கினா என்ன ஆகும்னு அவனுக்கு என்ன தெரியும்? நம்ம பிள்ளை சாவை ஆண்டவரே செஞ்சார்னு அடிச்சு வெச்சிருக்கான் படுபாவி. நான் மட்டும் பாக்கலைன்னா இது ஊர் பூராப் போயிருக்கும்.”

சிவப்புப் பேனாவின் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தாள். கீழ்ப்புள்ளியைச் சுழித்து, மேலே அம்புக்குறி போடப் பேனா முனை தாளுக்குப் போனது. அது அச்சுக்கோர்த்தவனின் வெறும் கைப்பிசகு. முப்பது வருஷத்தில் அந்தச் சொல்லைச் சரியாகப் போட்டவன் அவன் ஒருவன்தான், அதுவும் தெரியாமல். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும், என் மனைவி தன் கையாலேயே இரண்டாம் முறையும் அந்தப் பொய்யை எழுதியிருப்பாள். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை.

“அதை விடும்மா” என்றேன்.

“என்னத்தை விடறது?”

“அது சரியாத்தான் இருக்கு.”

அவள் பேனாவைக் கீழே வைக்கவில்லை. என்னையே பார்த்தாள். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று முதலில் பார்த்தாள், பிறகு பிடிக்கவில்லை என்று தெரிந்துகொண்டாள்.

“படம் இருக்கா?”

கணினியைத் திறந்து காட்டினேன். திரையில் பெரிதாகத்தான் தெரிந்தது. அப்படியும் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“மேல இருக்கிறது என்ன?”

“பூச்சி அரிச்ச ஓட்டை.”

“பூச்சி அரிச்சது” என்று திருப்பிச் சொன்னாள். “அப்ப ஏன் தெரியலை?”

“அப்ப இருந்த படத்துல ஓட்டையும் மையும் ஒரே கறுப்பு. நேர்ல போயிருந்தா தெரிஞ்சிருக்கும். ஏட்டை வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்திருந்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும்.”

“ஏன் போகலை?”

“நீ நிறைமாசம். எந்த நேரமும் வலி வரலாம்னு சொன்னாங்க.”

“ஓஹோ” என்றாள். “அவன் பொறக்கப் போறான்னு போகாம இருந்துட்டீங்க. அவன் செத்தப்ப, ஏட்டுல இருக்குன்னீங்க.”

பேசினால் ஆய்வாளன் மாதிரிதான் பேச வரும். ஏட்டில் என்ன இருந்தாலும் ஆண்டவர் அப்படிப்பட்டவர் அல்ல, ஒரு துறவியின் வார்த்தை வேதவாக்கு ஆகிவிடாது என்றெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியும். வகுப்பில் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்று தரையில் உட்கார்ந்து அவளிடம் நான் ஆண்டவரைப் பற்றிச் சொல்லவில்லை. ஏட்டில் இருக்கிறது என்றுதான் சொன்னேன். அவள் நம்பியதும் அதைத்தான்.

அச்சுப்படியை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். அந்தச் சொல்லுக்கு நேராக ஓரத்தில், ‘இருக்கட்டும்’ என்று சிவப்பு மையில் எழுதினாள். பிறகு மற்ற பக்கங்களைப் பார்க்க ஆரம்பித்தாள். மொத்தம் நாற்பத்தோரு இடத்தில் புள்ளி மேலே இருந்தது. நாற்பத்தொன்றையும் கீழே இறக்கினாள். பதினெட்டுப் பேரின் கட்டுரைகளும் ஒரு காலை நேரத்தில் அர்த்தமில்லாமல் போயின. அவள் சாப்பிடவே இல்லை.

திங்கட்கிழமை நர்ஸம்மாவைக் கூப்பிட்டு, உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லி, அனுமதித் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு வாசலில் நின்றாள். “எழுதிடுவேன் சார். ஆனா நாளைக்கு வார்டுல இருந்து யாராவது போன் பண்ணினா நான் என்ன சொல்றது?” தெரியவில்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனாள். மலர் நின்றுபோனது. முதல்வர் மிகவும் மரியாதையாக விழாவைத் தேநீர் விருந்தாகச் சுருக்கினார். என் அறை எந்தப் பட்டயத்துக்கு என்பதும் அந்த வாரமே முடிவாகிவிட்டது. கடிதக் கோப்பைக் கிழித்துப் போடலாம் என்று எடுத்து, முடியாமல் திரும்ப வைத்தேன். அந்தத் தாய்மார்களுக்கு யார் போய்ச் சொல்வது?

அடுத்த ஞாயிறு என் மனைவி ஆராதனைக்கு வரவில்லை. “நேரா அங்க வந்துடுங்க” என்றாள். கல்லறைத் தோட்டத்துக்கு நான் போனபோது கல்வெட்டுபவர் வந்திருந்தார். அன்றைக்குச் செதுக்கியவரின் மருமகனாம். பசையில் கல்பொடியைக் குழைத்துக்கொண்டிருந்தார்.

“இவ்வளவு சின்ன வேலைக்கா என்னை வரச் சொன்னீங்க? ஒரு புள்ளிதானேம்மா. இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?”

“அந்தப் புள்ளியிலதாங்க இருபத்து மூணு வருஷமா சாஞ்சுக்கிட்டிருந்தேன்” என்றாள். “மேல இருக்கிறதை அடைச்சிடுங்க. கீழ ஒண்ணு போடுங்க. இங்க.” விரலால் தொட்டுக் காட்டினாள். கை நடுங்கவில்லை.

“எதுக்கும்மா இதெல்லாம்?” என்றேன் மெதுவாக. “கல்லுல இருக்கிறது இருந்துட்டுப் போகட்டுமே.”

“என் பிள்ளை தலைமாட்டுல பொய் வேண்டாம்.”

மேல்புள்ளி அடைபட்டது. உளியை வைத்து நாலு தட்டில் கீழே புள்ளி விழுந்தது. அவர் தூசியை ஊதினார். அவள் வழக்கம்போலக் கல்லைத் துடைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே, “நீங்க கேட்டுக்கு வெளிய நில்லுங்க. நான் கொஞ்சம் பேசணும்” என்றாள்.

“வாலுகிட்டயா? நானும் இருக்கேனே.”

“அவன்கிட்ட இல்ல. செஞ்சவர்கிட்ட. இத்தனை நாள் கேக்க விடாமப் பண்ணிட்டீங்க.”

நான் வெளியே போய்ச் சுவரோரமாக நின்றேன். கல்வெட்டுபவர் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். “சார், நீங்க ப்ரொபசராமே. அந்த எழுத்துக்கு இப்ப என்ன அர்த்தம்?”

“செய்தார்னு அர்த்தம்.”

“யாரு செஞ்சது?”

உள்ளே அவள் குரல் உயர்ந்தது. இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் நிறுத்திவைத்த அதே கேள்வி, அதே வார்த்தை. “ஏன் செஞ்சீங்க? எதுக்குச் செஞ்சீங்க?” அப்போது அவள் சுவரைப் பார்த்துக் கேட்டாள், என்னிடம் ஒரு பதில் இருந்தது. கல்வெட்டுபவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி கேட்காமல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார். அவள் அழைக்கும்வரை உள்ளே போகக்கூடாது என்று நான் அங்கேயே நின்றேன். அவள் அழைக்கவில்லை.